வாக்காளரை அளந்த கோல்: அமெரிக்க வாக்களிப்பாய்வு நூல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

மக்களாட்சி பற்றிய கோட்பாடுகள் அனைத்திற்கும் அடித்தளமாக ஓர் எடுகோள் உண்டு. வாக்களிப்பவர் தாம் யாருக்கு, எதன்பொருட்டு வாக்களிக்கிறோம் என்பதை ஓரளவேனும் அறிந்திருக்கிறார் என்பதே அது. இதனை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ தக்க சான்றுகள் நெடுங்காலம் எவரிடமும் இல்லை. மாதிரிக் கணக்கெடுப்பு முறை வளர்ச்சியுற்ற பின்னரே, வாக்காளரை நேரில் சந்தித்து வினவி, அவர்தம் விடைகளைத் தொகுத்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு ஏற்பட்டது. அம்முயற்சி மிக விரிவாக நடைபெற்ற நாடு அமெரிக்கா. அங்கு எழுந்த நூல்கள் அந்நாட்டோடு நில்லாமல், தேர்தல் நடைபெறும் பிற நாடுகளின் ஆய்வுகளுக்கும் முன்மாதிரியாயின.

அந்நூல்கள் வாக்காளரைப் பற்றிக் கூறும் செய்தி பெருமைக்குரியதாக இல்லை. பெரும்பான்மையோர் தெளிந்த அரசியல் கருத்தியல் எதனையும் கொண்டிராதவர். கட்சியைப் பெற்றோரிடமிருந்து வழிவழியாகப் பெற்றவர். ஒரே வினாவுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை விடையை மாற்றிக் கூறுபவர் என்பதே அவற்றின் சாரம். இம்முடிவை எட்டுவதற்குக் கையாளப்பட்ட அளவுகோலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே நாடி, மிகுந்திருப்பதைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது வள்ளுவர் நமக்கு வகுத்துத் தந்த நெறி. அந்நெறி வழிநின்று நாம் முன்வைக்க விரும்பும் கருத்து இதுவே: இந்நூல்கள் வாக்காளரின் அரசியலறிவை அளப்பதாக எண்ணிக்கொண்டு, கற்றோர் பேசும் அரசியல் மொழியில் அவருக்கிருந்த பயிற்சியையே பெரும்பாலும் அளந்தன. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதற்கு அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாறே சான்று பகரும்.

மிச்சிகன் ஆய்வும் அதன் முன்னோடியும்

வாக்களிப்பாய்வின் முதற்கட்டம் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர்தம் குழுவினரும் 1940ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின்போது ஓஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் வாக்காளர் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களையே பன்முறை சந்தித்து வினவினர். அதன் விளைவாக 1944இல் வெளிவந்ததே 'மக்களின் தேர்வு' என்னும் நூல். பரப்புரை வாக்காளரின் மனத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறியச் சென்ற அவர்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் பரப்புரை சூடுபிடிக்கும் முன்னரே முடிவுசெய்துவிட்டிருந்ததைக் கண்டனர். பொருளாதார நிலை, சமயம், நகர்ப்புறமா நாட்டுப்புறமா என்னும் வாழிடம் ஆகிய மூன்றையும் அறிந்தால் ஒருவர் எக்கட்சிக்கு வாக்களிப்பார் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம் என்பது அவர்தம் கண்டுபிடிப்பு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒரு மாவட்டத்தை விடுத்து நாடு முழுவதையும் ஆய்வுக்களமாக்கினர். ஐசனோவரும் ஸ்டீவன்சனும் போட்டியிட்ட 1952, 1956ஆம் ஆண்டுத் தேர்தல்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு, ஆங்கஸ் கேம்பெல், ஃபிலிப் கான்வர்ஸ், வாரன் மில்லர், டொனால்டு ஸ்டோக்ஸ் ஆகிய நால்வரும் எழுதிய 'அமெரிக்க வாக்காளர்' 1960இல் வெளிவந்தது. கட்சிப்பற்று என்பது கொள்கைகளை ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கும் முடிவன்று. இளமையில் குடும்பத்தில் வேரூன்றி வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் உளப்பிணைப்பு என்று அந்நூல் வாதிட்டது. அப்பற்று ஒரு திரைபோல நின்று, தன் கட்சிக்கு உகந்த செய்திகளை உள்ளே விட்டு ஏனையவற்றைத் தடுக்கிறது என்றும் அது விளக்கியது.

இந்நூலின் செல்வாக்கு பெரிது. ஸ்டோக்ஸ், டேவிட் பட்லருடன் இணைந்து பிரிட்டனில் இத்தகைய ஆய்வை மேற்கொண்டு 1969இல் நூலாக்கினார். இந்தியாவில் 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது, ரஜனி கோத்தாரி தில்லியில் நிறுவிய வளரும் சமுதாயங்கள் ஆய்வு மையம் தேசிய அளவிலான கணக்கெடுப்பை நடத்தியது. அத்தரவுகளைக் கொண்டு மிச்சிகன் பேராசிரியர் சாமுவேல் எல்டர்ஸ்வெல்டும் பஷீருதீன் அகமதுவும் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. எனவே, இந்திய வாக்காளரைப் பற்றி ஆராய்வோரும் மிச்சிகன் அளவுகோலின் நிறைகுறைகளை அறிந்திருத்தல் வேண்டும்.

கான்வர்சின் படிநிலைகள்

மேற்கூறிய நால்வருள் கான்வர்ஸ் 1964இல் எழுதிய 'வெகுமக்களின் நம்பிக்கை அமைப்புகளின் இயல்பு' என்னும் கட்டுரையே இத்துறையில் மிகுதியாக விவாதிக்கப்பட்டது. அதன் வாதம் இரு தூண்களின்மேல் நிற்கிறது.

முதலாவது, படிநிலைப் பாகுபாடு. கட்சிகளிடத்திலும் வேட்பாளர்களிடத்திலும் உங்களுக்குப் பிடித்தவை எவை, பிடிக்காதவை எவை என்று 1956இல் மக்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் தம் சொற்களில் கூறிய விடைகளைக் கான்வர்ஸ் ஐந்து படிகளாக வகுத்தார். தாராளவாதம், பழைமைவாதம் போன்ற அருவக் கருத்துகளைக் கொண்டு கட்சிகளை மதிப்பிட்டோர் உச்சிப்படியில் வைக்கப்பட்டனர். அவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. அக்கருத்துகளை அரைகுறையாகக் கையாண்டோர் 9 விழுக்காட்டினர். இந்தக் கட்சி உழவருக்கு நல்லது, அந்தக் கட்சி தொழிலாளருக்கு நல்லது என்றவாறு குழுநலன் நோக்கி விடை கூறியோர் 42 விழுக்காட்டினர். நல்ல காலம், கெட்ட காலம், போர், அமைதி என்று காலத்தின் போக்கைக் கொண்டு மதிப்பிட்டோர் 24 விழுக்காட்டினர். எஞ்சிய 22.5 விழுக்காட்டினர் பொதுப்பிரச்சினை எதனையும் குறிப்பிடாதவர்.

இரண்டாவது, விடைகளின் நிலையாமை. 1956, 1958, 1960 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதே மனிதரிடம் அதே வினாக்கள் கேட்கப்பட்டன. மின்சாரம், வீட்டுவசதி போன்றவற்றை அரசு தனியார் வணிகரிடம் விட்டுவிட வேண்டுமா என்பது அவற்றுள் ஒன்று. உண்மையான கருத்து படிப்படியாக மாறுமாயின், ஈராண்டு இடைவெளியைவிட நான்காண்டு இடைவெளியில் மாற்றம் மிகுதியாகத் தெரிய வேண்டும். அவ்வாறு தெரியவில்லை. எனவே, உறுதியான கருத்துடைய சிறு குழுவினரைத் தவிர ஏனையோர் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பவரைப் போல விடை கூறினர் என்று கான்வர்ஸ் முடிவுகட்டினார்.

இக்கட்டுரையின் வலிமை அதன் நேர்மையிலும் தெளிவிலும் உள்ளது. தம் முடிவு எவ்வாறு தவறாகலாம் என்பதைப் பிறர் சோதித்துப் பார்க்கும் வகையில் கான்வர்ஸ் எழுதியுள்ளார். அரசியல்வாதிகளும் இதழாளர்களும் 'மக்கள் இடப்பக்கம் சாய்ந்தனர்', 'வலப்பக்கம் சாய்ந்தனர்' என்று தேர்தல் முடிவுகளுக்குப் பொருள் கூறும் வழக்கத்தை இது பலமாக அசைத்தது. அப்பொருளுரைகள் உச்சிப்படியில் உள்ளோரின் மொழியை எல்லோர் வாயிலும் திணிப்பவை என்பதை நாம் உணர்ந்ததே இக்கட்டுரையால்தான் எனலாம்.

அளவுகோல் மீதான ஐயங்கள்

எனினும் அளவுகோல் பற்றிய ஐயம் விரைவிலேயே எழுந்தது. 1975இல் கிறிஸ்டோபர் ஏக்கன் அதே தரவுகளை மறு ஆய்வுக்கு உட்படுத்தினார். வினாக்கள் மங்கலாக அமைந்தால், தெளிந்த கருத்துடையவரும் ஒருமுறை ஒருவாறும் மறுமுறை வேறுவாறும் விடை கூறக்கூடும். அவ்வளவைப் பிழையைக் கழித்துப் பார்த்தால் மக்களின் கருத்துகள் பெரிதும் நிலையானவையே என்று அவர் காட்டினார். குறை வாக்காளரிடத்தில் உள்ளதா, வினாநிரலில் உள்ளதா என்னும் கேள்வி அத்துடன் நிலைபெற்றது.

அடுத்த நிகழ்வு இன்னும் சுவையானது. நார்மன் நை, சிட்னி வெர்பா, ஜான் பெட்ரோசிக் ஆகியோர் 1976இல் வெளியிட்ட 'மாறிவரும் அமெரிக்க வாக்காளர்' என்னும் நூல், 1964 முதல் மக்களின் கருத்துகளில் ஒருமைப்பாடு திடீரென உயர்ந்துள்ளதாக வாதிட்டது. ஐம்பதுகளின் அரசியல் மந்தமானது. அறுபதுகளின் அரசியல் கொதிப்பானது. காலம் மாறியதால் வாக்காளரும் மாறினர் என்பது அவர்தம் விளக்கம். ஆனால், அதே 1964இல்தான் மிச்சிகன் வினாக்களின் அமைப்பும் மாற்றப்பட்டது. அதுவரை ஒரு கூற்றைப் படித்துக் காட்டி, அதனை ஏற்கிறீரா மறுக்கிறீரா என்று கேட்டனர். அதன்பின் இரு மாற்றுக் கருத்துகளை எதிரெதிரே வைத்துத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டனர். உயர்வுக்குப் பெருங்காரணம் வினாவின் மாற்றமே என்று 1978இல் சல்லிவன், பியர்சன், மார்கஸ் ஆகியோர் எடுத்துக்காட்டினர். வாக்காளர் மாறினாரா, கோல் மாறியதா என்பதைப் பிரித்தறிய இயலாத நிலை ஏற்பட்டது. ஒரு தலைமுறையின் அறியாமைக்கு இலக்கணம் கூறிய தரவுகள் வினாவின் சொல்லமைப்பை இவ்வளவு சார்ந்திருக்குமாயின், அவற்றின்மேல் எழுப்பிய கட்டடத்தை நாம் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும்.

மாற்று முறையும் அக்காலத்திலேயே இருந்தது. ராபர்ட் லேன் 1962இல் வெளியிட்ட 'அரசியல் கருத்தியல்' என்னும் நூல், கிழக்குக் கரை நகரொன்றைச் சேர்ந்த பதினைந்து ஆடவருடன் பல மணிநேரம் உரையாடி எழுதப்பட்டது. அவர்கள் எளிய வேலைகளில் இருந்தவர்கள். சமத்துவம், உரிமை, அரசு ஆகியன பற்றி அவர்களுக்குக் கருத்துகள் இருந்தன. அக்கருத்துகளுக்குள் தொடர்பும் இருந்தது. ஆனால், அத்தொடர்பு கற்றோரின் கலைச்சொற்களால் கட்டப்பட்டதன்று. வேலை, குடும்பம், தன்மதிப்பு ஆகிய வாழ்வனுபவங்களால் பின்னப்பட்டது. பதினைந்து பேரைக் கொண்டு ஒரு நாட்டைப் பற்றிப் பேச இயலாது என்பது உண்மையே. எனினும் சில நிமிட வினாவுக்கு அகப்படாதது நெடிய உரையாடலுக்கு அகப்படக்கூடும் என்பதை லேன் காட்டிவிட்டார்.

குழுநலன் தாழ்ந்த படியா?

நம் முதன்மையான விமர்சனம் வேறிடத்தில் உள்ளது. கான்வர்ஸ் தம் விடைகளை வகைப்படுத்தியதோடு நில்லாமல் மேல்கீழாகவும் அடுக்கினார். அருவக் கருத்தியல் மேலே. குழுநலன் அதற்குக் கீழே. இவ்வடுக்குமுறைக்கு நியாயம் என்ன? கருத்தியல் அறிந்தவர் புதிய பிரச்சினைகளையும் அதன் துணைகொண்டு எளிதில் புரிந்துகொள்வார் என்பது அவர் தரும் காரணம். அது ஏற்கத்தக்கதே. ஆனால், குழுவை வைத்தே அரசு ஒருவரது உரிமையைத் தீர்மானிக்கும் நாட்டில், அக்குழுவை எக்கட்சி எவ்வாறு நடத்துகிறது என்று அறிந்திருப்பதைவிடத் துல்லியமான அரசியலறிவு வேறு என்ன இருக்க முடியும்?

அக்காலத் தென்மாநிலங்களை நோக்குவோம். மிசிசிப்பி 1890ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, வாக்காளராகப் பதிவுசெய்ய விரும்புபவர் அவ்வரசமைப்பின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும். அல்லது பிறர் படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ தக்க விளக்கம் கூறவோ வேண்டும். விளக்கம் தக்கதா என்பதைப் பதிவு அலுவலரே முடிவுசெய்வார். அலுவலர் வெள்ளையர். சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லை. அறிவின் பெயரே இருந்தது. எல்லோருக்கும் சமமாக நடத்தப்படும் எழுத்தறிவுத் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1959இல், வட கரோலினாவைச் சேர்ந்த லாசிட்டர் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு மறு ஆண்டில்தான் 'அமெரிக்க வாக்காளர்' வெளிவந்தது. வாக்களிப்பைத் தடுக்கும் சட்டங்களைப் பற்றி அந்நூலாசிரியர்கள் அறியாதவர் அல்லர், எழுதவும் செய்துள்ளனர். ஆயினும் அத்தடைக்கும் தம் அளவுகோலுக்கும் இடையிலான உறவை அவர்கள் சிந்திக்கவில்லை.

அத்தேர்வுகளின் விளைவைக் காண்போம். 1960இல் மிசிசிப்பியின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர். வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் 1965க்கு முன் பதிவு பெற்றிருந்தோர் 6.7 விழுக்காட்டினர் மட்டுமே. 1965 ஆகஸ்டு 6ஆம் நாள் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் அம்மாநிலங்களில் இத்தேர்வுகளை நிறுத்திவைத்தது. 1967க்குள் அவ்விழுக்காடு 59.8 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் அம்மக்களின் அறிவு இவ்வாறு வளர்ந்துவிட்டது என எவரும் கூறார். தேர்வு அளந்தது அறிவையே அன்று என்பது வெளிப்படை.

இனி, அத்தேர்வின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 1964 ஜூன் மாதம் குடியுரிமைச் சட்டத்திற்கு எதிராகச் செனட் சபையில் வாக்களித்த பேரி கோல்டுவாட்டர், அவ்வாண்டு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளரானார். நாடு முழுவதும் அவருக்குக் கிடைத்த வாக்குகள் 38.5 விழுக்காடு. மிசிசிப்பியில் கிடைத்தவையோ 87 விழுக்காடு. 1872க்குப் பின் எந்தக் குடியரசுக் கட்சி வேட்பாளரும் வென்றிராத மாநிலம் அது. பெற்றோரிடமிருந்து பெற்ற கட்சிப்பற்று வாழ்நாள் முழுவதும் நிலைப்பது எனில், இத்திருப்பம் எவ்வாறு நிகழ்ந்தது? அவ்வாக்காளர்கள் கருத்தியல் கலைச்சொற்களில் தேர்ந்தவர்கள் என்று கொள்ளக் காரணமில்லை. எனினும் எந்த வேட்பாளர் தம் குழுவின் ஆதிக்கத்தைக் காப்பார் என்பதை அவர்கள் ஐயமின்றி அறிந்திருந்தனர். அதே தேர்தலில் நாடெங்கும் வாக்களிக்க முடிந்த கறுப்பினத்தவருள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனை ஆதரித்தனர். அவர்களும் தெளிவாகவே அறிந்திருந்தனர். கான்வர்சின் அடுக்கில் இருசாராரும் கீழ்ப்படியினராகலாம். ஆனால், அத்தேர்தலில் எது பணயம் வைக்கப்பட்டிருந்தது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து நாம் இரு முடிவுகளைப் பெறலாம். ஒன்று, குழுநலன் நோக்கிய வாக்கு அறியாமையின் அடையாளமன்று. மற்றொன்று, அரசியலறிவு நல்லொழுக்கத்திற்கு உறுதியளிப்பதுமன்று. எழுத்தறிவுத் தேர்வு என்னும் வடிகட்டியின் வழியே வந்த வாக்காளர் கூட்டம் தன் அறிவை அநீதிக்கே துணையாக்கியது. இவ்விரண்டாம் முடிவு, பின்னர் நாம் காணவிருக்கும் அறிவாட்சி வாதத்திற்கு நேர் எதிரானது.

கான்வர்சின் தரவுகளும் நமக்குத் துணைநிற்கின்றன. மின்சாரம், வீட்டுவசதி பற்றிய விடைகள் நிலையற்றிருந்தபோது, கறுப்பினத்தவரின் பள்ளிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு ஆகியன பற்றிய விடைகள் ஒப்பீட்டளவில் நிலையாக இருந்தன. கண்ணுக்குத் தெரியும் ஒரு குழு வினாவில் இடம்பெற்றால் கருத்து உறுதிபெறுகிறது என்பதைக் கான்வர்சே குறிப்பிட்டார். அக்குறிப்பைத் தம் படிநிலையைத் திருத்த அவர் பயன்படுத்தவில்லை என்பதே நம் குறை.

பிற்கால ஆய்வொன்றும் இங்கு எண்ணத்தக்கது. 1988 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர்முன் மோட்டார் வாகனக் காப்புறுதி பற்றிய ஐந்து முன்மொழிவுகள் ஒருசேர வைக்கப்பட்டன. அவற்றின் விதிகள் மிகச் சிக்கலானவை. ஆர்தர் லூப்பியா 1994இல் வெளியிட்ட ஆய்வின்படி, விதிகளை அறியாவிடினும் காப்புறுதி நிறுவனங்கள் எதனை ஆதரிக்கின்றன என்று மட்டும் அறிந்திருந்தோர், விதிகளை நன்கறிந்தோரைப் போலவே வாக்களித்தனர். யார் பக்கம் யார் நிற்கிறார் என்பதை அறிவது குறுக்குவழியாகலாம். ஆனால், அவ்வழி அவர்களைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தது.

எதிர்வாதமும் அதன் வலிமையும்

வாக்காளர் சார்பில் முன்னரே வழக்காடியவர் வி. ஓ. கீ. 1963இல் மறைந்த அவரின் 'பொறுப்புள்ள வாக்காளர்' என்னும் நூல் 1966இல் வெளிவந்தது. ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையே கட்சி மாறியோர் தம் கொள்கைக்கு ஏற்பவே மாறினர் என்று தரவுகளைக் கொண்டு காட்டிய அவர், மக்கள் மூடர் அல்லர் என வாதிட்டார். அரசியல்வாதிகள் தெளிவற்ற மாற்றுகளை முன்வைத்தால் தெளிவற்ற விடையே திரும்பி வரும் என்பது அவரது வாதத்தின் உயிர்நாடி. வினாவின் தரத்தை ஆராயாது விடையின் தரத்தைக் குறைகூறலாகாது என்று நாம் மேலே கண்டதும் இதுவே.

ஆயினும் எதிர்த்தரப்பின் சான்றுகளைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. 1975இல் வாக்காளர் பக்கம் நின்ற ஏக்கனே, லாரி பார்ட்டல்சுடன் இணைந்து 2016இல் 'நடப்பியலாருக்கான மக்களாட்சி' என்னும் நூலை எழுதினார். வாக்காளர் கொள்கைகளை எடைபோடுவதில்லை. தம் குழு அடையாளத்தின் வழியே கட்சியைத் தேர்ந்து, கட்சியின் வழியே கொள்கைகளை ஏற்கின்றனர் என்பது அதன் வாதம். 1916 ஜூலையில் நியூ ஜெர்சிக் கடற்கரையில் சுறாமீன் தாக்கி நால்வர் இறந்தனர். அதனால் கடற்கரை மாவட்டங்களில் அதிபர் வில்சனின் வாக்குகள் குறைந்தன என்று அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு பெரும்புகழ் பெற்றது. சுறாவுக்கு அதிபர் பொறுப்பாவாரா என்பதே அதன் உட்பொருள். 2018இல் அந்தோணி ஃபவுலரும் ஆண்ட்ரூ ஹாலும் வேறு சுறாத் தாக்குதல்களையும் சேர்த்து ஆராய்ந்து, அத்தகைய விளைவுக்குத் தக்க சான்றில்லை என்றனர். வாக்காளரின் மடமைக்கு எடுத்துக்காட்டாக நாடெங்கும் பேசப்பட்ட ஒன்று இவ்வாறு ஆட்டங்கண்டது நம் கவனத்திற்குரியது.

ஆனால், சுறா போனாலும் திரை போகவில்லை. கட்சிப்பற்று செய்திகளை வடிகட்டும் என்று 1960இல் கூறப்பட்டது இன்று மேலும் வலுப்பெற்றுள்ளது. 2016 தேர்தலுக்குப் பின் பொருளாதாரம் அவ்வளவாக மாறாதபோதும், அதுபற்றிய இருகட்சி ஆதரவாளரின் மதிப்பீடுகள் சில வாரங்களிலேயே இடம்மாறின. 2016இல் செனட் சபைக்குத் தேர்தல் நடந்த 34 மாநிலங்களிலும் அதிபர் தேர்தலில் வென்ற கட்சியே செனட் இடத்தையும் வென்றது. மக்கள் செனட்டர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது முதல் அதுவரை அவ்வாறு நிகழ்ந்ததில்லை. 2024இல் அரிசோனா, மிச்சிகன், நெவாடா, விஸ்கான்சின் ஆகிய நான்கு மாநிலங்கள் அதிபராக டிரம்பையும் செனட்டராக ஜனநாயகக் கட்சியினரையும் தேர்ந்தன. அவற்றை விதிவிலக்குகளாகச் சுட்டிக்காட்ட நேர்வதே கட்சிப் பிணைப்பின் இறுக்கத்தைப் புலப்படுத்தும்.

எனவே, குழு அடையாளம் ஒளியும் தருகிறது; இருளும் தருகிறது. தன் குழுவுக்கு எது நேர்கிறது என்பதை அது துல்லியமாகக் காட்டும். பிற குழுவுக்கு எது நேர்கிறது என்பதை மறைக்கும். விஸ்கான்சின் மாநிலச் சிற்றூர்களில் 2007 முதல் மக்கள் கூடிப்பேசும் இடங்களுக்குச் சென்று செவிமடுத்த கேத்தரின் கிரேமர், 2016இல் வெளியிட்ட 'மனக்கசப்பின் அரசியல்' என்னும் நூலில் இவ்விரு தன்மைகளையும் நடுநிலையுடன் பதிவுசெய்துள்ளார். நகரங்கள் தம்மை மதிப்பதில்லை, தமக்குரிய பங்கைத் தருவதில்லை என்பது அச்சிற்றூரார் உலகைக் காணும் கோணம். அதில் அவர்தம் வாழ்வின் உண்மையும் உண்டு. பிறரைப் பற்றிய தவறான எண்ணங்களும் உண்டு. இதனைப் படிப்பவர்க்கு, லேன் தொடங்கிய செவிமடுக்கும் முறை அரைநூற்றாண்டுக்குப் பின் மீண்டும் பயன்தந்தது விளங்கும்.

அறிவாட்சி வாதம்

இவ்விவாதம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஜேசன் பிரென்னன் 2016இல் வெளியிட்ட 'மக்களாட்சிக்கு எதிராக' என்னும் நூல், வாக்காளரின் அறியாமை பற்றிய இவ்வாய்வுகளைச் சான்றாகக் காட்டி, அரசியலறிவு மிக்கவர்க்கு மிகுதியான வாக்குரிமை வழங்கும் முறைகளைப் பரிந்துரைக்கிறது. தகுதியற்ற மருத்துவரிடம் நம்மை ஒப்படைக்காதபோது, தகுதியற்ற வாக்காளரிடம் ஆட்சியை ஏன் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாயல். பழைய தேர்வுகள் இனவெறியால் தீயனவாயின என்பதை அவரும் மறுக்கவில்லை. நேர்மையாக நடத்தப்படும் தேர்வு அவ்வாறாகாது என்கிறார்.

அதற்கு நம் மறுப்பு பின்வருமாறு. தேர்வை நடத்துபவர் நேர்மையானவராக இருப்பினும், எது அரசியலறிவு என்று முடிவுசெய்பவர் எப்போதும் ஏற்கனவே அதிகாரத்தின் மொழி அறிந்தவரே ஆவார். அரசமைப்புப் பிரிவுகளை ஒப்பிக்கத் தெரிந்தவர் தேறுவார். பதிவு அலுவலகப் படியேறியதற்காக வேலையிழந்தவர் தேறாமற்போவார். இருவருள் ஆட்சியைப் பற்றி மிகுதியாக அறிந்தவர் யார் என்னும் வினா அத்தேர்வில் இடம்பெறாது. மேலும், வாக்கு என்பது அறிவுக்கு அளிக்கப்படும் பரிசன்று. ஆள்பவர் புறக்கணிக்க இயலாதவாறு ஒருவருக்கு அமையும் காப்பு. காப்பற்றவரின் துன்பத்தை அறிந்த வாக்காளர் குறைந்தால், எஞ்சியோர் எவ்வளவு கற்றவராயினும் அத்துன்பம் கணக்கில் வாராது. 1964ஆம் ஆண்டு மிசிசிப்பி இதற்குப் போதிய சான்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். 'அமெரிக்க வாக்காளர்' என்னும் நூலும் கான்வர்சின் கட்டுரையும் இத்துறையின் அடிப்படை நூல்கள். கட்சிப்பற்று பற்றி அவை கூறியவை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் வலிமை குன்றாமல் நிற்கின்றன. கருத்தியல் மொழி சிறுபான்மையோரின் மொழி என்பதும் மறுக்க இயலாத உண்மை. இவை அவற்றின் குணங்கள். கருத்தியல் மொழி அறியாமையை அரசியல் அறியாமையாகக் கொண்டதும், குழுநலன் நோக்கிய அறிவைக் கீழ்ப்படியில் இருத்தியதும், வினாவின் குறையை விடையளிப்பவரின் குறையாக எண்ண இடங்கொடுத்ததும் அவற்றின் குற்றங்கள். குணமே மிகை. ஆனால், அக்குற்றங்கள் அறியாமல் கடந்துபோகத்தக்கன அல்ல. அவற்றின் துணையோடுதான் வாக்குரிமையைச் சுருக்கும் வாதங்கள் கற்றோர் அவையில் மீண்டும் இடம்பெறுகின்றன.

வாக்களிப்பு நடத்தையை ஆராய முனையும் மாணவர்கள் இந்நூல்களைத் தவறாது கற்க வேண்டும். சாதி நோக்கி வாக்களித்தார், இனம் நோக்கி வாக்களித்தார் என்று ஒரு வாக்காளரைப் பற்றி எழுதுமுன், அவர்தம் சாதியையும் இனத்தையும் நோக்கி அரசு அவரிடம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதையும் அவர்கள் வினவுதல் வேண்டும். அவ்வினா வினாநிரலில் இடம்பெற்ற பின்னரே அவர்தம் விடையை நாம் சரியாக மதிப்பிட இயலும்.